கிச்சாப்பைத் தொடும் முன்

பள்ளி முடியும்வரை என் தலையைப் பின்னிவிட்ட அக்காவுக்கு,

இல்லை, இன்னும் வரவில்லை. அலமாரிக்கு அடியில்தான் இருக்கிறான். குனிந்து பார்த்தால் இரண்டு கண் தெரிகிறது, மீதியெல்லாம் இருட்டு. கறுப்புப் பூனைக்குச் சோயாச் சாற்றின் பெயரை வைத்தாயே, யாரோ கிச்சாப்பைத் தரையில் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனதுபோலக் கிடக்கிறான்.

சாப்பிடுகிறானா என்று அடுத்துக் கேட்பாய். சாப்பிடுகிறான், நாங்கள் அறையை விட்டு வெளியே வந்த பிறகு. தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. முதுகெலும்பு தெரிகிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

இன்று வியாழன். சனிக்கிழமை லெட்சுமி அக்கா பூனைக் கூண்டோடு வருகிறார். பதினேழு வருடம் தொழிற்சாலையில் உன்னோடு ஒரே லைனில் உட்கார்ந்தவர் அல்லவா, உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் ஆளாக வந்திருந்தார். மறு வாரமும் வந்தார். கிச்சாப் என்னைக் கண்டு ஓடியதை அப்போதுதான் பார்த்தார்.

"ஒரு மாசம் பாருங்க," என்றார். "உங்ககிட்ட நிக்கலன்னா நான் தெலுக் பங்லிமா காராங்குல எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடுறேன். தரை வீடு. ஏற்கனவே மூணு இருக்கு, நாலாவதா இருந்துட்டுப் போறான். பூனைக்கு ஒரு கை வேணும்லா. கையே படாம எப்படி இருக்கும்?"

அம்மா சரி என்றாள். அந்த ஒரு மாதம் சனிக்கிழமையோடு முடிகிறது.

ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொன்னவள் நான். ஆஸ்பத்திரியில், உன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீ ஆக்சிஜன் முகமூடியை இறக்கிவிட்டு, "கிச்சாப்பத் தொடும்போது மொதல்ல..." என்றாய். அதற்குள் நர்ஸ் மிஸ்ஸி வந்துவிட்டார். பேசக் கூடாது என்று முகமூடியை மேலே ஏற்றினார். நீ கண்ணாலேயே, அப்புறம் சொல்கிறேன் என்றாய்.

மொதல்ல என்ன, அக்கா?

முடியாத வாக்கியங்களைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கியது. இப்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

*

உன் அறை அப்படியே இருக்கிறது. மழை பெய்தால் பின்சுவர் ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது, உன் நுரையீரலுக்கு அது ஆகாது என்று டாக்டர் சொன்னதும் ஒரு மெஷின் வாங்கினோமே, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது. அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு அது இன்னும் 'தண்ணி குடிக்கிற மெஷின்'தான். காலையில் அதன் தொட்டியைக் கழற்றி, தண்ணீரைச் சிங்கில் கொட்டாமல், பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறாள். ஏர்கானும் ஓடுகிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது, கதவும் சாத்தியிருக்கிறது.

பதினாறாம் நாளோடு உன் படத்தின் முன் எரிந்த விளக்கை அம்மா எடுத்துவிட்டாள். மெஷினை நிறுத்தவில்லை. இனி இதுதான் அவளுக்கு விளக்கு என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் உன் படத்துக்கு ஒரு கிளாஸ் பாலில்லாத கோப்பி ஓ வைக்கிறாள். சீனி போட்டு. "அக்காவுக்கு சுகர்ம்மா," என்று ஒருநாள் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "இனிமே அவளுக்கு என்ன சுகர்? நல்லா குடிக்கட்டும்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டோம்.

முதல் அடி விழுந்தது காரியம் முடிந்த மறுநாள் மாலை. உன் கட்டிலில் உட்கார்ந்தேன். குளிர் நாட்டில் படித்துவிட்டு வந்தபோது உனக்கென்று ஒரு போர்வை வாங்கி வந்தேனே, ஆட்டுக்குட்டி மாதிரி மெத்தென்று, நீ ஒருநாளும் போர்த்தாதது. உன் பழைய கைலியையே போர்த்திக்கொண்டாய். எனக்கு அப்போது வருத்தம்தான், சொல்லவில்லை. அந்தப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கிச்சாப் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தான். என் முழங்கையை முகர்ந்தான். அவன் மூக்கைத் தொட விரலை நீட்டினேன்.

டப்.

சின்னச் சத்தம். ஒரு பொறி. அவன் பின்னுக்குத் துள்ளினான். எனக்கு விரல் நுனியில் சுரீரென்றது. அது எதைப்போல இருந்தது தெரியுமா? சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் பின்னால் வந்து காதில் சுண்டுவாயே, அதைப்போல இருந்தது. அதே அளவு வலி. வலி என்றுகூடச் சொல்ல முடியாது.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அவதான்," என்றாள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "நீ அவ கட்டில்ல உட்கார்ந்தா அவளுக்கு எப்பவும் பிடிக்காதுல்ல."

"அது ஸ்டாட்டிக்மா. காத்து காய்ஞ்சிருந்தா வரும்."

"வரட்டும். அவ வர்றதுக்கும் ஏதாவது ஒரு வழி வேணும்ல?"

எனக்குக் காரணம் தெரியும். செயற்கை நூல் போர்வையில் உரசுகிறேன், என் உடம்பில் மின்சாரம் ஏறுகிறது, காற்றில் ஈரம் இருந்தால் அது மெல்லக் கசிந்து போயிருக்கும், இல்லாததால் தேங்கி நிற்கிறது, முதலில் தொடும் இடத்தில் பாய்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மறுநாளும் போனேன்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து கொமுட்டர் ரயில் ஏறி வீட்டுக்கு வந்ததும் நேராக உன் அறைக்குப் போவேன். போர்வையைப் போர்த்திக்கொள்வேன். கொஞ்சம் அசைந்து, கொஞ்சம் உரசி உட்காருவேன். பிறகு கிச்சாப்பைக் கூப்பிடுவேன். பூனையோடு பழகப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஐந்து நாள் வந்தான். ஐந்து நாளும் சுண்டினாய். ஆறாம் நாளிலிருந்து அவன் வரவில்லை.

என் விரலில் பட்டது அவன் மூக்கிலும் பட்டது. அவனுக்கு உன் நினைவு வந்திருக்குமா? அவனுக்கு வலித்தது, அவ்வளவுதான்.

*

நான் குளிர் நாட்டில் இருந்த வருடம் உனக்கு நினைவிருக்கிறதா? டிசம்பரில் ஒருநாள் போன் செய்து, இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது, கதவுப் பிடி, கடைத் தள்ளுவண்டி, கூட இருப்பவளின் மஞ்சள் பூனைகூட அடிக்கிறது, வீட்டில் வயரிங் சரியில்லைபோல என்றேன். நீ தொழிற்சாலை பஸ்ஸில் இருந்தாய். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய்.

"யூனிவர்சிட்டில இத சொல்லிக் குடுக்கலியா? ஸ்டாட்டிக்லா அது. அதுக்குத்தான் நாங்க கையில வயர் கட்டி உட்கார்ந்திருக்கோம். உன் விரல்ல இருந்து போற ஒரு பொறி போதும், ஒரு சிப் செத்துரும். நீ பூனையக் கொல்லாம இருக்கியே, சந்தோஷம்."

"கிண்டல் பண்ணாத. என்ன செய்யணும்னு சொல்லு."

"கையில கிரீம் போடு. நைலான் போடாத, பருத்தி போடு. வீட்டுக்குள்ள ரப்பர் செலிப்பார் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்காத. தண்ணி வச்சு ரூமுக்குள்ள கொஞ்சம் ஈரம் பண்ணு. பூனைய மொதல்ல மூக்குலயோ காதுலயோ தொடாத, முதுகுல உள்ளங்கைய முழுசா வை. கதவா இருந்தா சாவியால தொடு, பொறி சாவிக்குப் போயிடும்."

"பூனைக்கும் சாவியா?"

"வை போனை. ஸ்டாப் வந்துருச்சு."

இத்தனையும் போன வாரம்தான் நினைவுக்கு வந்தது. ஏன் அவ்வளவு நாள் வரவில்லை? வரக் கூடாது என்று நானே அமுக்கி வைத்திருந்தேனா?

வந்த பிறகு ஒவ்வொன்றாகச் செய்தேன். போர்வையை மடித்து மேலே வைத்துவிட்டேன். உன் கைலியைக் கட்டிலில் விரித்தேன். வெறுங்காலோடு நடந்தேன். கையில் கிரீம் தடவினேன், அதன் வாசனைக்கு அவன் அலமாரிக்கு அடியிலேயே தும்மினான். உன் இழுப்பறையில் அந்த நீலப் பட்டை கிடைத்தது, தொழிற்சாலையில் மணிக்கட்டில் கட்டுவது, சுருள் வயரோடு. கட்டிக்கொண்டு அதன் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். மாட்டிவிட்டு அலமாரிக்கு அடியில் கையை நீட்டினேன். டப். ஜன்னல் கம்பிக்கு மூன்று பூச்சு பெயிண்ட் அடித்திருக்கிறது, பெயிண்ட் வழியாக எதுவும் இறங்காது என்று அப்புறம்தான் உறைத்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, ஆட்டைக் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க?"

இந்த மூன்று நாளாகப் பொறி இல்லை. ஆனால் அவனும் இல்லை. என் கை இனி வலிக்காது என்பதை ஒரு பூனைக்கு எப்படிச் சொல்வது?

ஒன்றை மட்டும் செய்யவில்லை. இணையத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அறையில் ஈரத்தைக் கூட்டு என்பதுதான். குளிர்காலத்து வீடுகளுக்குச் சொல்லும் புத்தி. இங்கே மதியமானால் மழை, துணி காய்வதில்லை, செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கிறது. நம் சுங்கை வே ஊரில் எல்லா வீட்டிலும் ஈரத்தோடுதான் சண்டை. நாங்கள் மட்டும் ஒரே ஒரு அறையில் கதவைச் சாத்திக் குளிர்காலத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றும் புரியவில்லை. இதே அறை, இதே மெஷின், ஒரு வருடம். கிச்சாப் உன் வயிற்றின்மேல்தான் தூங்கினான். உன் கையில் மட்டும் எப்படிப் பொறி இல்லாமல் போனது? கைலி மட்டுமா காரணம்?

நிறுத்துகிறேன். அவன் தட்டில் சாப்பாடு வைக்கவேண்டும்.

*

சனிக்கிழமை. சாயங்காலம்.

லெட்சுமி அக்கா பதினொரு மணிக்கே வந்துவிட்டார். ஒரு கையில் கூண்டு, ஒரு கையில் ரம்புத்தான். ரம்புத்தானை உன் படத்துக்கு முன் வைத்தார், அதில் இரண்டை எடுத்து உரித்து ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்க நம்ம ஆளு?"

அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். உதட்டை நாக்கால் தடவினார்.

"அம்மாடி. என்ன இது, உள்ள வந்தவுடனே உதடு காயுது? எங்க லைன்ல இப்படிக் காய்ஞ்சா மீட்டர் கத்தும் தெரியுமா? எல்லாரும் கைய எடுங்கன்னு வேலையவே நிறுத்திடுவாங்க." மூலையில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "வசந்திக்கு வாங்கினதுதான அது? இன்னும் எதுக்கு ஓடுது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அம்மாதான்..." என்றேன்.

"நானா?" என்றாள் அம்மா. "நீதானடி வேலை முடிஞ்சு வந்ததும் அங்க போய் உட்கார்ந்துக்குற. போர்வையெல்லாம் போர்த்திக்கிட்டு. உனக்கு அந்தக் குளிரு வேணும்போலன்னுதான் நான் தினம் தண்ணிய ஊத்திட்டு இருந்தேன். முட்டி வலியோட குனிஞ்சு குனிஞ்சு."

"நான் கேட்டேனாம்மா?"

"நிறுத்தச் சொன்னியா?"

"நீ விளக்கை எடுத்தியே, இத எடுக்கலியே. அதனால உனக்கு..."

"விளக்கு எடுக்கிறது முறை. இதுக்கு என்ன முறைன்னு எனக்குத் தெரியுமா? எந்த ஐயரக் கேக்குறது?"

லெட்சுமி அக்கா கூண்டைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து பூனையக் கருவாடா காயப் போட்டிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அம்மா சிரித்தாள். ஒரு மாதத்துக்கும் மேல், அக்கா. அவள் எனக்காக என்று, நான் அவளுக்காக என்று. நடுவில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டோம். நடுவில் இருந்தது கிச்சாப்.

"நீ பண்ணு," என்றாள் அம்மா.

"நீ பண்ணும்மா."

"என்னைப் பாக்காதீங்க," என்றார் லெட்சுமி அக்கா. "அது வீட்டு ஆளுங்க பண்ணணும்."

அம்மா குனியவில்லை. கால் பெருவிரலால் சுவிட்சை அழுத்தினாள். சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் கொமுட்டர் போனது கேட்டது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நான் ஏர்கானை நிறுத்தி ஜன்னலைத் திறந்தேன். மழைக்கு முந்தைய காற்று உள்ளே வந்தது, சூடாக, ஈரமாக, பக்கத்து வீட்டுச் சம்பால் வாசனையோடு. நீ மூச்சு விடப் பயந்த காற்று.

கிச்சாப் வரவில்லை. லெட்சுமி அக்கா மண்டியிட்டுக் கூப்பிட்டார், கருவாட்டுத் துண்டைக் காட்டினார், நாக்கால் சத்தம் எழுப்பினார். இரண்டு கண், மீதி இருட்டு.

"சரி. டவலப் போட்டுப் பிடிச்சுதான் கூண்டுல போடணும்போல," என்று எழுந்தார். "அதுக்கு முன்னாடி, தர்ஷி, அக்காவோட லாக்கர் சாவி இருக்குல்ல? ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. குடுத்துடு, கையோட கொண்டு போயிடுறேன்."

சாவி எங்கே என்று எனக்குத் தெரியும். உன் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் சிவப்பு நாடாவில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி வேலைக்குப் போவேன், எதற்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வைத்திருந்தாய். நாடாவின் முடிச்சு உன் முடிச்சு, இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன். வரவில்லை. டவலைத் தேடி லெட்சுமி அக்கா வெளியே போகத் திரும்பினார். வெடுக்கென்று இழுத்தேன். சாவி கட்டில் இரும்பில் பட்டது.

டிங்.

அலமாரிக்கு அடியில் ஏதோ அசைந்தது. கிச்சாப் வெளியே வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான், மடங்கிய அந்தக் குட்டை வாலை நிமிர்த்திக்கொண்டு. ஒட்டடை தலையில் ஒட்டியிருந்தது. என்னைத் தாண்டி, கூண்டைத் தாண்டி, நேராகக் கட்டிலுக்கு வந்து முன்காலை விளிம்பில் வைத்து உன் தலையணையைப் பார்த்தான்.

"அடிப்பாவி," என்றார் லெட்சுமி அக்கா மெதுவாக. "வீட்டுலயும் இதத்தான் பண்ணிட்டு இருந்தாளா?"

"எத?"

"லைன்ல எல்லாரும் வயர் கட்டுவோம், கட்டுனது சரியான்னு செக் பண்ற பிளேட்டத் தொடுவோம், அப்புறம் உட்காருவோம். இவ மட்டும் அதுக்கும் மேல, லாக்கர் சாவியால மேசைக் கால்ல ஒரு தட்டு தட்டுவா. எதுவும் தங்கக் கூடாதாம் மேல. லீடர் திட்டுவாரு, இது என்ன கோயில் மணியா வசந்தின்னு. கேக்கணுமே."

அப்போதுதான் எனக்கு அது கேட்டது. போன வருடம் முழுவதும், ஹாலில் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது, உன் அறையிலிருந்து வந்த அந்த டிங். தண்ணீர் வேண்டும்போல என்று ஓடி வருவேன். "உன்னக் கூப்பிடலடி," என்பாய். ஒவ்வொரு முறையும். எனக்குக் கோபம் வரும். நோயாளியின் எரிச்சல் என்று மன்னித்துவிட்டு மறுபடி கணினி முன் உட்காருவேன். அந்த நேரத்தில் கிச்சாப் உன் மேல் ஏறிக்கொண்டிருப்பான், நான் கவனித்ததே இல்லை.

உன் உடம்பில் ஏறியதை இரும்பில் இறக்கிவிட்டு அவனைத் தொட்டிருக்கிறாய். அவன் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். இந்தச் சத்தம் வந்தால் இந்தக் கை வலிக்காது.

நான் நாடாவை விட்டுவிட்டு, சாவியைப் பிடித்து, இரும்பில் இன்னொரு முறை தட்டினேன். டிங். அவன் காது என் பக்கம் திரும்பியது. உள்ளங்கையை விரித்து அவன் முதுகில் வைத்தேன். முழுசாக.

ஒன்றுமில்லை.

பொறி இல்லை. சத்தம் இல்லை. சூடான ரோமம், அதற்குக் கீழே எண்ணிவிடக்கூடிய எலும்புகள். அவன் நகரவில்லை. கொஞ்சவும் இல்லை. என் கை இருக்க அனுமதித்துக்கொண்டு தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். நீ சுண்டுவாய் என்று என் விரல் காத்திருந்தது, அக்கா. சுண்டவில்லை. நீ செத்துப்போய்விட்டாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. சுடுகாட்டில் தெரியவில்லை. கை வலிக்காதபோது தெரிந்தது.

அம்மா என் தலையில் கை வைத்தாள்.

லெட்சுமி அக்கா கூண்டின் கதவைக் கொக்கி போட்டு மூடினார். உள்ளே கருவாட்டுத் துண்டு மட்டும் இருந்தது, அதை எடுத்துக் கிச்சாப்பின் தட்டில் போட்டார். "இவன் எங்கேயும் வரமாட்டான். நான் வரேன் ஆன்டி."

"சாவி?" என்றேன்.

"என்ன சாவி? தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன்லா. அங்க எத்தனையோ சாவி தொலையுது."

*

மழை விட்டுவிட்டது. அறைக் கதவு திறந்திருக்கிறது. இதை உன் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பின்சுவரில் இப்போதே ஈரம் தெரிவதுபோல இருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் வராது என்று தெரியும், இருந்தாலும் தெரிகிறது. கிச்சாப் கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறான், எனக்கு ஒரு முழம் தள்ளி. மதியத்திலிருந்து மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் வந்தான். மூன்று முறையும் முதலில் தலையணையைப் பார்த்தான், அப்புறம்தான் என் கைக்கு வந்தான்.

நான் அவனை ஏமாற்றுகிறேனா? உன் சத்தத்தை வைத்துக்கொண்டு உன் இடத்தில் என் கையை நீட்டுகிறேன். பார்த்துக்கொள்வது என்றால் இதுதானா? அவனுக்கு இதில் ஏதாவது புரிகிறதா, அல்லது என்னைப் போலத்தான் அவனும் திறந்த அறையில் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறானா?

அந்த வாக்கியமும் முடியவில்லை. கிச்சாப்பைத் தொடும்போது மொதல்ல சாவியைத் தட்டு என்று சொல்ல வந்தாயா? முதுகில் தொடு என்றா? கையைக் கழுவு என்றா? அம்மாவிடம் பேசி மெஷினை நிறுத்து என்றிருந்தால்? அப்படியெல்லாம் நீ பேசமாட்டாய். ஆனால் எனக்கு எந்த வார்த்தையை வைத்தாலும் அந்த இடத்தில் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எதுவும் என்மேல் தங்கிவிடாமல் இரும்பில் இறக்கிவிட்டுத்தான் அவனைத் தொடுவேன். உன்னைத் தேடி இனி அவனைத் தொடமாட்டேன். அவனுக்காக மட்டும் தொடுவேன்.

நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டு, மெஷினின் தொட்டியில் பாதிக்கு நின்ற தண்ணீரை எடுத்துப்போய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

நீ கூப்பிடாமலே ஓடி வந்த உன் தங்கச்சி,
தர்ஷி